சுத்தமாக நீக்கிய ஒரு பிளகின்

நான் ஒரு பிளகினை முதன்முதலாகச் சுத்தமாக நீக்கியது ஒரு தப்பை மறைப்பதற்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நல்லது. இல்லையென்றால் வழக்கம்போலத் தொழில் நுணுக்கத்தைப் பற்றி நாலு பக்கம் அளந்துவிட்டு, சொல்ல வேண்டியதை விழுங்கிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

வெப்சைட் செய்து கொடுப்பது என் வேலை. கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஓர் உரக்கடையின் மாடியில் அறை. கீழே யூரியா வாசனை, மேலே நான். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நர்சரிகள், எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பக்கம் கல்யாண மண்டபங்கள், மூணாறு மலையில் ஹோம்ஸ்டேக்கள், இவர்கள்தான் என் ஆட்கள்.

வெப்சைட்டுக்கு வேண்டிய சின்ன வசதிகளை, ரூம் புக்கிங் படிவம், போட்டோ ஆல்பம், வாட்ஸ்அப் பொத்தான் என்று, யாராவது ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்கள். எடுத்துச் செருகிக்கொள்ள வேண்டியதுதான். அதற்குப் பெயர் பிளகின். செருகுவதற்கு இரண்டு கிளிக் போதும். எடுப்பதில்தான் இருக்கிறது வேலை. நிறுத்துவது வேறு, நீக்குவது வேறு. நிறுத்தினால் அது தூங்கும், அவ்வளவே. அது உருவாக்கிய பக்கங்கள், பட்டியல்கள், இத்தனை மணிக்கு இதைச் செய் என்று எழுதி வைத்த வேலைகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நான் நிறுத்துகிற ஆள். நீக்குகிற ஆள் இல்லை. சோம்பல் என்று சொன்னால் பாதி உண்மை. மீதி, எங்கள் ஊட்டுப் பழக்கம். தோட்டத்து மோட்டார் ரூமில் இன்றைக்கும் ஒரு பலகை நிறைய எரிந்துபோன ஸ்டார்ட்டர் பெட்டிகளும் புட்வால்வுகளும் இருக்கின்றன. நான் பிறப்பதற்கு முன்னால் ஓடிய மோட்டாரின் மூடிகூட இருக்கிறது. ஒரு நாள் எடைக்குப் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். அம்மா விடவில்லை. "கெடந்துட்டுப் போகுது சாமி. அது என்ன, சோறா கேக்குது?" என்றார். நான் செய்த எல்லா வெப்சைட்டிலும் அந்தப் பலகை இருந்தது. நிறுத்தப்பட்ட பிளகின்கள் ஆறேழு எப்போதும் கிடக்கும்.

சாந்தன்பாறையில் ஒரு பாய். அறுபது தாண்டியவர். பாலக்காட்டில் மளிகை வியாபாரம் செய்த குடும்பம். அவருடைய அத்தா காலத்தில் ஏலக்காய்க்காக மலை ஏறியவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். தோட்டத்தை ஒட்டி நாலு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறார். மகன் வளைகுடாவில். வீட்டில் பாயும் அவர் மனைவியும் மருமகளும். மலையில் எனக்குக் கிடைத்த வேலைகளில் பாதி பாய் சொல்லிக் கிடைத்தவை.

மருமகளுக்குச் சொந்த ஊர் போடி. பி.காம். படித்தவர். சைட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கு இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சொல்லிக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. வருகிறவர்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பதில் எழுதுவார். எந்த மாதம் அட்டைப்பூச்சி இருக்கும், எந்த மாதம் ஏலப்பூ பார்க்கலாம் என்றெல்லாம் ஒரு பக்கம் எழுதிப் போட்டிருந்தார். மதியச் சமையல் முடிந்து ஒரு மணி நேரம் அந்த லேப்டாப் அவருடையது. வீட்டில் யாரும் அப்போது அவரைக் கூப்பிடக் கூடாது என்று பாயே உத்தரவு போட்டிருந்தார்.

ஒரு நாள் அவர் போன் செய்தார். "அண்ணே, ரூம் கன்ஃபர்ம்னு போற மெயில்ல மேல ஒரு பச்சைப் பட்டை வருதுல்ல, அது நல்லாவே இல்லண்ணே. ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கு. மாத்த முடியுமா?"

அந்தப் பிளகினில் மாற்ற முடியாது. அதனால் வேறொரு புக்கிங் பிளகினைச் செருகினேன். அதில் அவரே எடுத்த ஏலப்பூ போட்டோவை மெயிலின் தலையில் வைத்துக் கொடுத்தேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். பழைய பிளகினை நிறுத்தினேன். நீக்கவில்லை. அது உருவாக்கிய புக்கிங் பக்கத்தை மெனுவிலிருந்து மட்டும் எடுத்துவிட்டேன். பலகையில் இன்னொரு ஸ்டார்ட்டர் பெட்டி சேர்ந்தது.

அடுத்த ஏப்ரல் கடைசியில் ஏதோ அப்டேட் வந்து சைட் வெறும் வெள்ளைப் பக்கமாகிவிட்டது. இதற்கு ஒரு வழி உண்டு. எல்லாப் பிளகினையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். நிறுத்தினேன், கண்டுபிடித்தேன், சரி செய்தேன். பிறகு ஓடிக்கொண்டிருந்தவற்றை மட்டும் திரும்ப ஓட்ட வேண்டும். அன்று பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். கடைசிப் பந்திக்காவது போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். பட்டியலின் உச்சியில் இருக்கிற ஒரே கட்டத்தைத் தொட்டேன். எல்லாம் தேர்வாகிவிட்டது. எல்லாவற்றையும் ஓட்டினேன். தூங்கிக்கொண்டிருந்ததும் எழுந்துவிட்டது. மருமகளுக்குப் போன் செய்து, "சைட் சரியாயிருச்சுங்க, நான் கல்யாணத்துக்குப் போறனுங்க" என்றேன். போய் இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மே மாதம் ஒரு நாள், மதியம் மூன்று மணிக்குப் பாய் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க ஒரு குடும்பம் வந்து நிக்குது. திருநெல்வேலிப் பக்கமாம். ஒம்பது பேரு, கைக்குழந்தை வேற. ரூம் கன்ஃபர்ம்னு மெயில் வச்சிருக்காங்க. நம்மகிட்ட நாலும் ஃபுல்லு. மழை வேற பேயுது. எப்படித் தம்பி இது?"

"பாத்துட்டுச் சொல்றனுங்க பாய்" என்றேன். அதற்குள் மருமகளின் குரல் வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

"அண்ணே, அவங்க மெயில்ல பச்சைப் பட்டை இருக்கு. நம்மதான் அத எடுத்துட்டோம்ல? பழசு எப்படிண்ணே இப்ப வரும்?"

ஒரே நிமிஷத்தில் சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டார். அந்தக் கட்டம், அந்தக் கல்யாணம், எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"அது கேஷ் பிரச்சினையா இருக்குமுங்க" என்றேன்.

கேஷ் என்பது, ஒருமுறை திறந்த பக்கத்தைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொள்வது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மாட்டிக்கொள்ளும்போது தெரியாதவர்கள் முன்னால் எடுத்து வீச எங்கள் தொழிலில் நாலைந்து சொற்கள் உண்டு. அதில் ஒன்று அது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"நீங்க உள்ள போயி எதையாச்சும் ஆன் பண்ணிட்டீங்களா?"

"இல்லண்ணே. நான் ஒன்னும் தொடல."

"பரவால்லீங்க. தெரியாம ஆயிருக்கும்."

மன்னிப்பு வேறு கொடுத்தேன். செய்தவன் நான், மன்னித்தவனும் நான். ஸ்பீக்கரில் பாய் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் அந்த ஒன்பது பேரும் கேட்டிருப்பார்கள். பிறகு பாய், "சரி தம்பி, நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

சைட்டைத் திறந்தேன். பழைய பிளகின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. மெனுவில் இல்லாத அந்தப் பழைய பக்கம், இணையத்தில் தேடுகிறவர்களுக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. அதன் காலண்டரில் ஒரு புக்கிங்கும் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் இடமிருக்கிறது, வாருங்கள் என்று அதுவே மெயில் போட்டுவிட்டிருக்கிறது. பாய் வீட்டுக்குப் போக வேண்டிய நகல், ஆரம்பத்தில் நான் சோதனைக்காகக் கொடுத்த என் பழைய மெயில் முகவரிக்கு வந்து சேர்ந்திருந்தது. அதைத் திறந்து மாதங்கள் ஆகியிருந்தன. முன்பு மருமகள் புக்கிங்கைச் சைட்டுக்குள்ளேயே பார்த்துக்கொள்வார், அதனால் அந்த முகவரியை மாற்றாமலே விட்டிருந்தேன். படிக்காத இரண்டு மெயில்கள். ஒன்று இந்தக் குடும்பம். இன்னொன்று, அடுத்த வாரம் வரவிருந்த திருச்சூர்க்காரர் ஒருவர்.

அப்போதுகூடத் திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "பாய், தப்பு என்னுதுங்க" என்று மூன்று சொல். பாய் வேறு ஆட்களிடம் சொல்லிவிடுவார், மலையில் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. இரண்டு மணி நேரம் என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண், பட்டையின் நிறத்தை வைத்து என் பிழையைப் பிடித்துவிட்டார். அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. திமிர் என்பதைத் தவிர இதற்கு நான் வேறு பெயர் தேடப் போவதில்லை.

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். முதலில் முழு சைட்டையும் பேக்கப் எடுத்து என் கம்ப்யூட்டரில் வைத்தேன். எதையும் அழிப்பதற்கு முன் பேக்கப் எடுப்பது என் கைப்பழக்கம், அந்த நேரத்திலும் கை அதைச் செய்தது. பிறகு பழைய பிளகினை நிறுத்தினேன். நீக்கினேன். அது உருவாக்கிய பக்கத்தை அழித்தேன், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். அது எழுதி வைத்திருந்த தினசரி வேலைகளைக் கண்டுபிடித்து எடுத்தேன். டேட்டாபேஸுக்குள் இறங்கி அதன் பட்டியல்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். யார் எப்போது எதை ஓட்டினார்கள் என்ற பதிவையும் துடைத்தேன். கடைசியில் அந்த இரண்டு மெயில்கள். முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு அழகாக அதற்கு முன்னால் நான் எதையும் நீக்கியதில்லை. தூசி தும்பு இல்லை.

திருச்சூர்க்காரரை நானே கூப்பிட்டேன். ஹோம்ஸ்டேயிலிருந்து பேசுகிறேன் என்றேன். வீட்டில் ஒருவர் தெரியாமல் எதையோ அமுக்கிவிட்டார், ரூம் இல்லை, மன்னிக்க வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். பரவாயில்லை, வீட்டில் யாரையும் திட்ட வேண்டாம் என்றார்.

அந்த ஒன்பது பேரைப் பாய் திருப்பி அனுப்பவில்லை. தன் அறையையும் மகன் அறையையும் காலி செய்து கொடுத்துவிட்டு, வீட்டு ஆட்கள் மூன்று பேரும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சாக்கு விரித்து இரண்டு நாள் படுத்திருக்கிறார்கள். வந்தவர்கள் சந்தோஷமாகத் திரும்பினார்கள். சைட்டில் புகழ்ந்து எழுதிக்கூடப் போட்டார்கள். அப்படிப் பார்த்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, ஒருவரைத் தவிர.

அவர்கள் கிளம்பிய மறுநாள் பாய் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"தம்பி, மருமகளோட லாகின் இருக்குல்ல, அந்தப் பாஸ்வேர்டை மாத்திருங்க. அவகிட்டச் சொல்ல வேணாம், மனசு நோகும். பூப்பாறையில எங்க அக்கா மகன் டிராவல்ஸ் வச்சிருக்கான். இனி அவன் பாத்துக்கட்டும்."

"சரிங்க பாய்" என்றேன். மாற்றினேன்.

தப்பான பாஸ்வேர்டை யாராவது போட்டால் எனக்கு மெயில் வரும்படி வைத்திருந்தேன். மறுநாள் மதியம், அவருடைய அந்த ஒரு மணி நேரத்தில், மூன்று மெயில்கள் வந்தன. சாயங்காலம் ஒன்று. அதற்குப் பிறகு வரவே இல்லை. என்னைக் கூப்பிட்டு ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன், சந்தேகமே வேண்டாம்.

இரண்டு வருஷம் போனது. பூப்பாறைக்காரர் சைட்டை நடத்தினார். ஏலப்பூ போட்டோ போய், எங்கோ இணையத்தில் எடுத்த அருவி வந்தது. அட்டைப்பூச்சி பற்றிய பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார், எடுத்தேன். இந்த இரண்டு வருஷத்தில் எனக்கு ஒரு நல்ல பெயர் வந்துவிட்டதுதான் கொடுமை. அந்த நாளுக்குப் பிறகு எந்தச் சைட்டிலும் நான் பழசைப் போட்டு வைப்பதில்லை. பிளகின் எடுக்க வேண்டுமா, அவரைக் கூப்பிடு, துடைத்து வைத்தாற்போல் செய்வார் என்று பேச்சு. சித்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அதைப் பற்றியே ஒரு வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள்.

பேக்கப், நிறுத்து, நீக்கு, விட்டுப்போனதைத் தேடு என்று கரும்பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் இருந்த ஓர் அக்கா, பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவர், கேட்டார்.

"ஏனுங்க, இவ்வளவு சுத்தமா எடுக்கறதுக்கு எங்கீங்க பழகுனீங்க?"

"அனுபவமுங்க" என்றேன்.

எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அந்தச் சொல்லோடு வகுப்பை முடித்துக்கொண்டு கீழே இறங்கி, வண்டியில் உட்கார்ந்து வெகுநேரம் சாவியைப் போடாமல் இருந்தேன்.

அடுத்த வாரம் மலை ஏறினேன். மாட்டுப்பட்டியில் ஒரு ரிசார்ட் வேலை இருக்கிறது, அப்படியே எட்டிப் பார்க்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த வேலை போனிலேயே முடிந்திருக்கும். அன்றைய பேக்கப்பிலிருந்து ஒரு தாளைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். மெயில்களை அழித்தவன் அந்தப் பேக்கப்பை மட்டும் அழிக்கவில்லை. நல்ல எண்ணம் என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் ஊட்டுப் பழக்கம்தான், கிடந்துவிட்டுப் போகட்டும் என்று கிடந்தது.

பாய் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மருமகள் டீ கொண்டுவந்து வைத்தார். "நல்லாருக்கீங்களாண்ணே" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"நீங்களும் கொஞ்சம் இருங்க" என்றேன்.

அவர் கதவருகில் நின்றார். நான் சொல்லத் தொடங்கினேன். பாதியில் இங்கிலீஷ் சொற்கள் வரத் தொடங்கியதும் நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து சாதாரணமாகச் சொன்னேன். கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் எல்லாவற்றையும் ஓட்டியது நான். ஸ்பீக்கரில் அவரைக் கேள்வி கேட்டபோதே எனக்குத் தெரியும். அன்றைக்கே எல்லாவற்றையும் அழித்தேன். திருச்சூர்க்காரரிடம் சொன்னதையும் சொன்னேன். தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, யார் அந்தப் பிளகினை ஓட்டினார்கள் என்று அதில் இருந்தது. என் பெயர்தான் இருந்தது.

பாய் தாளைத் தொடவில்லை.

"அப்ப அன்னிக்கு அவ சொன்னது நேருதானா?"

"உண்மைதானுங்க பாய்."

அவர் மருமகள் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் சொல் தேடி நான் பார்த்ததில்லை. கடைசியில், மலையாளிகள் பரவாயில்லை என்பதற்குச் சொல்வதைத்தான், அவரும் எதற்கும் சொல்வதைத்தான் சொன்னார்.

"சாரமில்லம்மா..."

"அத நான்ல சொல்லணும் மாமா" என்றார் அவர். குரல் உயரவே இல்லை. பாய் தலையைக் குனிந்துகொண்டார். என் தலை ஏற்கெனவே குனிந்துதான் இருந்தது.

அவர் வந்து தாளை எடுத்துப் பார்த்தார். "கல்யாணத்துக்குப் போறேன்னு போன் பண்ணீங்கள்ல, அன்னிக்கு" என்றார். பிறகு தாளைப் பார்த்தபடியே பேசினார்.

"மூணு தடவ போட்டுப் பாத்தேன்ணே. சாயங்காலம் ஒரு தடவ. பாஸ்வேர்டே மறந்துபோச்சோன்னு நினைச்சேன். அப்பறம் எனக்கே சந்தேகம் வந்திருச்சு, அன்னிக்கு நாமதான் எதையோ அமுக்கித் தொலைச்சிட்டோமோன்னு. அதான் உங்களக் கூப்பிட்டுக் கேக்கல. ரெண்டு வருசமா கேஸ் அடுப்ப அணைச்சமான்னு மூணு தடவ போய்ப் பாக்கறேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். எந்த வார்த்தையில் கேட்டேன் என்று நினைவில்லை. அவர் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் மனசு என் கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லை, அது நியாயம்தான்.

பாய் எழுந்து உள்ளே போய் அந்தப் பழைய லேப்டாப்பை எடுத்து வந்தார். மேல்துண்டால் துடைத்து, மருமகள் முன்னால் மேஜையில் வைத்தார். "பூப்பாறைக்காரன்கிட்ட நான் பேசிக்கறேன். தம்பி, இவளுக்குத் திரும்பப் போட்டுக் குடுங்க" என்றார்.

அவருடைய கணக்கைத் திரும்பத் திறந்துவிட்டேன். புதுப் பாஸ்வேர்டு போடச் சொல்லும் திரை வந்தது. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, "நீங்களே போட்டுக்கங்க" என்று சொல்லி, முன்பு சொல்லிக் கொடுத்தபோது நின்றதுபோல் பக்கத்திலேயே நின்றேன்.

அவர் விரல்களை விசைகள் மேல் வைத்தார். வைத்தவர் நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்கங்கண்ணே."

திரும்பினேன். சுவரில் ஒரு காலண்டர். பின்னால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது. நீளமான பாஸ்வேர்டு. சத்தம் நின்ற பிறகும், அவர் சொல்லும் வரை நான் திரும்பவில்லை.